காலையில் ஐந்து சொட்டு

எவெலினாவின் கையிலிருந்து பால் கேன் நழுவியது செப்டம்பர் கடைசியில். பெரிய கேன்கூட இல்லை, பத்து லிட்டர். பன்னிரண்டு வயதுப் பெண், எட்டு வயதிலிருந்து தூக்கிப் பழகியவள். பால் சிமெண்டுத் தரையில் பரவி வடிகாலுக்குள் இறங்கியது. அவள் அழவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தாள். ஓடுகிற டிராக்டரின் மூடிமேல் ஆணிகளை வைத்தால் ஆடுமே, விரல்கள் அப்படி ஆடின.

"பிரோனெக் மாமா, நான் வேணும்னு போடல" என்றாள்.

"வேணும்னு போட்டிருந்தா நாலு திட்டு திட்டிட்டு மறந்துடுவேன். சாப்பிட்டியா?"

"மூணு தடவ சாப்பிட்டேன்."

"சாப்பிடுறதெல்லாம் எங்க போகுது?" என்று கேன் கழுவும் தொட்டிப் பக்கத்திலிருந்து லூபா கேட்டாள். "எங்க அக்கா வீட்டுப் பூனை இவளவிட கனமா இருக்கு."

லூபா, எவெலினாவின் சித்தி. என்னிடம் பால் டிப்போவில் கேன் கழுவுகிறாள். மூன்று வருஷத்துக்கு முன்பு தைராய்டு வீங்கி, வேறொரு ஊரில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அதிலிருந்து குரல் போய்விட்டது. தகரத்தில் அரம் போடுவதுபோல ஒரு சத்தம்தான் வரும். அதை வைத்துக்கொண்டுதான் ஊரிலேயே அதிகம் பேசுவாள்.

ஓல்ஷங்கா கிராமத்தில் இருபத்திரண்டு வருஷமாக டிப்போ நடத்துகிறேன். பத்தொன்பது வீட்டுப் பால் வருகிறது. அளப்பேன், மாதிரி எடுப்பேன், தொட்டியில் ஊற்றிக் குளிரவைப்பேன், மதியம் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். எவெலினாவின் அப்பா அனாதோல் வீட்டில் பதினான்கு மாடு. நல்ல பால், சுத்தமான பால். அந்த வீட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வேலிதான். அவனுடைய கார் இரண்டு வருஷமாகச் செங்கல்மேல் நிற்பதால், எங்கே போகவேண்டுமானாலும் என்னுடைய வண்டிதான்.

அப்படித்தான் அக்டோபர் முதல் வாரம் அவர்களை ஏற்றிக்கொண்டு பியாவிஸ்தோக் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் உருளைக்கிழங்கு வயல்களில் காய்ந்த கொடிகளைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள், புகை ரோட்டின்மேல் படுத்துக்கிடந்தது. எல்லோரும் கோட்டு போட்டிருந்தோம். எவெலினா மட்டும் சட்டைக் கையை மடித்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தின் முன்பக்கம் மெத்தென்று புடைத்திருந்தது. கண்கள் யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல வெளியே வந்திருந்தன.

"என்னய ஏன் எல்லாரும் பாக்குறீங்க?" என்று கத்தினாள்.

"யாரும் பாக்கலடி" என்றாள் அவள் அம்மா ரயீசா, அவளையே பார்த்துக்கொண்டு.

ரயீசாவுக்கு முப்பத்துநான்கு வயது. பெரிய கைகள், குறைந்த பேச்சு. மாட்டுக்குக் கன்று குறுக்கே நின்றால் கால்நடை டாக்டர் வருவதற்குள் தானே கைவிட்டுத் திருப்பிவிடுவாள். அன்று அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைகள் வார்டில் டாக்டர் ஸ்டெபன்யூக் என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும், காலில் ஆண்கள் போடும் செருப்பு. கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், நாடி எண்ணினாள், கையை நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு காகிதத்தை வைத்தாள். காகிதம் படபடத்தது.

"ரத்தத்துல இருக்குற வெள்ளணுவுக்கு வேலை என்ன?" என்று அனாதோலைக் கேட்டாள்.

"கிருமிய அடிக்கிறது. மடி வீங்குனா பால்ல வரும். அதத்தான் இவரு எண்ணி எண்ணி எங்க உயிர எடுக்குறாரு" என்று என்னைக் காட்டினான்.

"நல்லதாப் போச்சு, பாதி சொல்ல வேண்டியதில்ல. இந்தப் பொண்ணோட வெள்ளணு கிருமிய விட்டுட்டு இவ தைராய்டையே பிடிச்சுக்கிச்சு. அது சும்மா இருக்கமாட்டாம, இருக்குற சுரப்பையெல்லாம் கொட்டுது. அதான் இதயம் ஓடுது, கை ஆடுது, தின்னது எரிஞ்சு போகுது. மாத்திரை இருக்கு. அடங்கும். பல பிள்ளைங்களுக்கு அடங்கியிருக்கு."

பிறகு ஒரு தாளை எடுத்து வைத்தாள். வழக்கமான ரத்தத்தோடு இன்னும் ஒரே ஒரு குழாய் அதிகமாக எடுக்க அனுமதி வேண்டும் என்றாள். இந்த நோய் வந்த பிள்ளைகளையும் நல்லா இருக்கிற பிள்ளைகளையும் வைத்து அவள் ஒரு ஆராய்ச்சி செய்கிறாள்.

"வெள்ளணு எல்லாம் பாக்க ஒண்ணுபோல இருக்கும். ஆனா ஒவ்வொண்ணு மேலயும் ஒரு அடையாளம் இருக்கு. சிலது 'அடி'ங்குற ஆளு. சிலது 'போதும், விடு'ங்குற ஆளு. இந்தப் பிள்ளைங்களுக்கு விடச்சொல்ற ஆளு கம்மியா இருக்கோன்னு எனக்குச் சந்தேகம். ஒளி பாய்ச்சி ஒவ்வொண்ணா எண்ணுற மிஷின் இருக்கு. இப்ப ஒரு குழாய். மாத்திரையில நோய் அடங்கினப்புறம் இன்னொரு குழாய். ரெண்டையும் வச்சுப் பாப்பேன்."

"எண்ணுனா குணமாயிடுமா?" என்றாள் ரயீசா.

"இல்லம்மா. எண்ணுனா தெரியும். அவ்வளவுதான்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அனாதோல் கையெழுத்துப் போட்டான். எவெலினா ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என் ரத்தத்துக்குப் பேரு வப்பீங்களா?" என்று கேட்டாள். "நம்பர்தான். நீ பதினேழு" என்றாள் டாக்டர்.

அக்டோபர் போயிற்று, நவம்பர் போயிற்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பியாவிஸ்தோக். காலையில் ஐந்து மணிக்குப் பால் கறந்து, ஏழு மணிக்கு டிப்போவில் இறக்கி, எட்டு மணிக்குக் கிளம்புவோம். லூபா டிப்போவைப் பார்த்துக்கொள்வாள். பதினேழாம் நம்பருக்கு மாத்திரை வேலை செய்யவில்லை. இரண்டு மாத்திரையை மூன்றாக்கினாள் டாக்டர், மூன்றை நான்காக்கினாள். இதயம் படுத்திருக்கும்போதே நிமிஷத்துக்கு நூற்றிருபது. பள்ளிக்கூடத்துக்குப் போவது நின்றது. வீட்டில் தட்டை உடைத்தாள், கதவை உதைத்தாள், அப்பனைப் போடா என்றாள், பிறகு அவன் பூட்ஸைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

டிசம்பரில் டாக்டர் ரயீசாவை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். கதவு திறந்துதான் இருந்தது.

"உண்மையச் சொல்லும்மா. மாத்திரைய முழுங்குறாளா, துப்புறாளா?"

"என் கண்ணு முன்னால முழுங்குறா. சிலுவை மேல சத்தியம்."

"சத்தியம் வேண்டாம். மூத்திரத்த சோதிச்சேன். அயோடின் கன்னாபின்னான்னு இருக்கு. அயோடின் உள்ள போச்சுன்னா இந்த மாத்திரை வேலை செய்யாது. நான் தீய அணைக்கிறேன், நீங்க பின்னாடியே துருத்தி ஊதுறீங்கன்னு வச்சுக்கம்மா. எங்கேர்ந்து வருது?"

ரயீசா முகத்தைத் திருப்பினாள். சுவரில் ஒரு நாள்காட்டி இருந்தது, அதைப் படிப்பதுபோல நின்றாள்.

"மாட்டு மருந்து" என்றாள். "பால் கறந்தப்புறம் காம்ப முக்குற மருந்து. அதுல அயோடின் இருக்கு. இவதான் ரெண்டு வேளையும் முக்குவா. வெறுங்கையில."

டாக்டர் பேனாவைக் கன்னத்தில் தட்டினாள். "அதுலேர்ந்து இவ்வளவு வருமா?" என்று தனக்குள் சொன்னாள். "சரி, இருக்கட்டும். பொண்ணு தொழுவத்துக்குப் போகவேண்டாம். வீட்டுப் பாலும் வேண்டாம். ஒன்றரை மாசம் பாப்போம். அதுக்கும் அடங்கலன்னா கழுத்தத் திறக்க வேண்டியதுதான். இந்த இதயம் ரொம்ப நாளு இப்படி ஓடாது."

கழுத்தைத் திறப்பது என்ற வார்த்தை வந்ததும் ரயீசாவின் கை தன் கழுத்துக்குப் போயிற்று. லூபாவின் தழும்பு இருக்கும் அதே இடம்.

அனாதோல் வீட்டுக்குப் போனதும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. காம்பு மருந்து டிரம்மை உருட்டிக்கொண்டுபோய் எருக்குழியில் கவிழ்த்தான். பனிமேல் பழுப்பாக ஓடியது. "என் மாட்டுக்கு வாங்குன மருந்து என் பொண்ணத் தின்னிருக்கு" என்றான். "நான்தான் அவள முக்கச் சொன்னேன். நான்தான்."

"வேற மருந்து இருக்குடா, அயோடின் இல்லாதது. சந்தைல கேட்டு வாங்கித் தர்றேன்" என்றேன்.

"இனி எந்த மருந்தும் என் தொழுவத்துல வராது."

அவனோடு வாதம் பண்ண முடியாது. ரயீசா வாசலில் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும்.

ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்துக்கு இறங்கியது. தொழுவத்துக் குழாய் உறைந்தது, கேன் மூடி கையில் ஒட்டியது. மருந்து முக்காத காம்புகள் வெடித்தன, வெடிப்பில் கிருமி ஏறியது. முதலில் ஒரு மாடு, பிறகு மூன்று. கறந்த முதல் பாலை வடிகட்டினால் திரிதிரியாக நின்றது. லேபிலிருந்து காகிதம் வந்த அன்று அனாதோல் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தான்.

"இறக்காத" என்றேன். "எடுக்க முடியாது."

"எவ்வளவு?"

"வெள்ளணு செல் ஒன்பது லட்சம், ஒரு மில்லியில. நாலு லட்சத்துக்கு மேல போனா வேண்டாம்னு ஐரோப்பாச் சட்டம்."

"என் மாட்டுக்கு ஐரோப்பான்னா என்னன்னே தெரியாது."

"மாட்டுக்குத் தெரியாது. லாரிக்காரனுக்குத் தெரியும். உன் பால ஊத்துனா பத்தொன்பது வீட்டுப் பாலும் கெட்டுப்போகும்டா."

"ஒன்பது லட்சம்" என்றான். "அங்க ஒரு அம்மா என் பொண்ணு ரத்தத்துல செல்ல எண்ணுறா. இங்க நீ என் பால்ல செல்ல எண்ணுற. எண்ணுங்க. எல்லாரும் எண்ணுங்க."

மூடியைத் திறந்து ஒவ்வொரு கேனாகப் பனியில் ஊற்றினான். எட்டு கேன். லூபா கேனைப் பிடுங்கப் போனாள். "கன்னுக்குட்டிக்காவது குடு, மாமா, பன்னிக்காவது குடு!" என்று அந்த அரம் போடும் குரலில் கத்தினாள். அவன் காதில் ஏறவில்லை. ஊற்றி முடித்துவிட்டுக் காலி கேன்களை ஏற்றிக்கொண்டு போனான்.

மனசு கேட்கவில்லை. பத்து மணிக்கு வேலியைத் தாண்டி அவர்கள் வீட்டுக்குப் போனேன். அனாதோல் தொழுவத்தில் இருந்தான். சமையலறையில் ரயீசா உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் சேர்த்து அடுப்பில் வைத்துச் சுடும் பாப்காவுக்கு. பெரிய பீங்கான் கிண்ணத்தில் பாதி துருவியாகிவிட்டது. மேசை ஓரத்தில் எவெலினா ஒரு குவளைக் கருந்திராட்சைச் சாற்றை ஒரே மூச்சில் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குதும்மா."

"சத்து கசக்கத்தான் செய்யும். போய்ப் படு."

அவள் போனாள். ரயீசா குவளையில் கிடந்த கரண்டியை எடுக்காமல், மேசைமேல் தனியாகக் கிடந்த சின்னக் கரண்டியை அவசரமாக எடுத்தாள். என்னைப் பார்த்த அவசரம். கை தவறி அது துருவல் கிண்ணத்தில் விழுந்தது. உடனே எடுத்துவிட்டாள். ஆனால் விழுந்த இடத்தில் வெள்ளைத் துருவல் நீலமானது. மைக்கூடு கவிழ்ந்ததுபோல, கருநீலம்.

நான் டிப்போவுக்கு வந்த புதிதில், தண்ணீர் ஊற்றிய பாலைக் கெட்டியாகக் காட்ட மாவு கரைத்துக் கொண்டுவருவார்கள். ஒரு சொட்டு அயோடின் விட்டால் போதும். மாவு இருந்தால் இதே நீலம் வரும். அந்த நீலத்தைக் காட்டி எத்தனை பேரை வாசலோடு திருப்பியிருக்கிறேன். எனக்கு அதைச் சொல்லித்தர யாரும் வேண்டியதில்லை.

"எத்தன சொட்டு?" என்றேன்.

ரயீசா நீலத்தை விரலால் அள்ளிக் கழிவு வாளியில் போட்டாள்.

"ரயீசா. எத்தன?"

"காலையில அஞ்சு."

"எப்பலேர்ந்து?"

"கழுத்து புடைச்ச அன்னிலேர்ந்து. ஆகஸ்ட் கடைசி."

"அடிப் பாவி. அங்க டாக்டர் தலையப் பிச்சிக்கிறா. இங்க உன் புருஷன் மருந்தக் கொட்டிட்டு, மாடு அழுகி, பால பனியில ஊத்துறான். உனக்கு வாய் வரல?"

"கத்தாதீங்க அண்ணே. பொண்ணு கேட்டுடும்." அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பழுப்புப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். சந்தை ஊர் மருந்துக்கடையில், தொண்டை கொப்பளிக்க என்று சொல்லி வாங்கிய அயோடின் கரைசல். லூகோல் சொட்டு. எங்கள் பக்கத்தில் அதை அறியாதவர்கள் கிடையாது. செர்னோபில் அணு உலை வெடித்த வாரம் பள்ளிக்கூடத்திலும் பஞ்சாயத்து வாசலிலும் வாளியில் வைத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊற்றினார்களே, அதே சொட்டு.

"அது அணு உலைக் காத்துக்குக் குடுத்தது" என்றேன். "அன்னிக்கு. ஒரு தடவ. இது அந்த நோய் இல்லேனு டாக்டர் சொன்னாளே."

"டாக்டருங்க அப்பவும்தான் ஒண்ணும் இல்லேனு சொன்னாங்க. மே தின ஊர்வலத்துல எங்கள நடக்கவிட்டாங்க." மெதுவாகப் பேசினாள், ஆனால் நிறுத்தவில்லை. "உங்களுக்கு ஒண்ணு சொல்லவா? யார்கிட்டயும் சொன்னதில்ல. அப்ப எனக்குப் பதினாறு. லூபாவுக்கு ஆறு. அவளப் பஞ்சாயத்துக்குக் கூட்டிட்டுப் போய் சொட்டு வாங்கிக் குடுடின்னு அம்மா அனுப்புனா. வரிசை சாலை வரைக்கும் நின்னுச்சு. உருளைக்கிழங்கு நடவு நேரம், வயல்ல பசங்க எல்லாம் இருந்தாங்க. எனக்கு அங்க போகணும்போல இருந்துச்சு. வரிசையில நிக்காம அவளையும் இழுத்துட்டு வயலுக்குப் போயிட்டேன். குடுத்தாச்சும்மான்னு பொய் சொன்னேன். நான் பள்ளிக்கூடத்துல குடிச்சேன், என் கழுத்து நல்லா இருக்கு. அவ குடிக்கல, அவளப் பாருங்க. குரல் போயிடுச்சு. ஒருத்தி கழுத்த நான் வெட்டவச்சேன். இன்னொருத்திய விடமாட்டேன்."

"நீ விடாமப் பிடிச்சிருக்கதுதான் அவளக் கொல்லுது."

"சொட்ட நிறுத்தி, அதுக்கப்புறம் இன்னும் மோசமானா? நீங்க வந்து பதில் சொல்வீங்களா?"

அனாதோலிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்தாள். சொன்னால் வீட்டைவிட்டு அனுப்பிவிடுவான் என்றாள். டாக்டரிடம் நீயே சொல், பிப்ரவரிக்குள் சொல் என்றேன். தலையை ஆட்டினாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். பால் டிப்போக்காரன் ஒரு குடும்பத்துக்குள் தலையிடக் கூடாது என்று அன்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மூன்று வாரம் அந்தப் பிள்ளை தினமும் ஐந்து சொட்டு குடித்தது எனக்குத் தெரிந்தேதான். இதை நான் அழகுபடுத்திச் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரம் எல்லோருமாகப் போனோம். ஆபரேஷன் என்றால் என்ன என்று எவெலினாவுக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று லூபாவும் வந்தாள். வண்டியில் எவெலினா அவள் தழும்பைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"சித்தி, வலிச்சுதா?"

"தூங்கிட்டேன். முழிச்சா பக்கத்து பெட்ல ஒரு தாத்தா எனக்கு வச்ச கஞ்சியக் குடிச்சிட்டிருந்தாரு. திட்டலாம்னு வாயத் திறந்தேன், காத்துதான் வந்துச்சு. என் வாழ்க்கையில நான் திட்டாம விட்ட ஒரே ஆளு அவருதான்."

எவெலினா சிரித்தாள். பிறகு, "எனக்கும் குரல் போயிடுமா?" என்றாள். "எல்லாருக்கும் போகாது" என்றாள் லூபா.

டாக்டர் காகிதங்களை விரித்து வைத்திருந்தாள். முகம் களைத்திருந்தது. "ஆறு வாரம் தொழுவம் இல்ல, வீட்டுப் பால் இல்ல. அயோடின் அப்படியே இருக்கு. எனக்குப் புரியல. ஆனா இதயம் எனக்குப் புரியுறவரைக்கும் காத்திருக்காது. மார்ச் நாலாம் தேதி ஆபரேஷன்." அனாதோல் பேனாவை வாங்கிக்கொண்டான். பாலைப் பனியில் ஊற்றிய அன்றைவிட அவன் கை உறுதியாக இருந்தது. எல்லாம் தன் தப்பு என்று ஒத்துக்கொண்டவனின் கை.

"அதுக்கு முன்னாடி பத்து நாளு ஒரு மருந்து குடுக்கணும்" என்று டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னாள். "சுரப்பி இறுகும், ரத்தம் அதிகம் போகாது. லூகோல் சொட்டு. உங்க பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியாதா என்ன? காலையில அஞ்சு, மதியம் அஞ்சு..."

"அதத்தான் நான் குடுக்குறேன்!" என்றாள் ரயீசா.

அவள் சொன்ன விதத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. அது குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரல் இல்லை. பரீட்சையில் தன் விடைதான் சரி என்று அறிந்த பிள்ளையின் குரல். முகம் மலர்ந்துவிட்டது. "நானே குடுக்குறேன் டாக்டரம்மா, ஆகஸ்ட்லேர்ந்து, ஒருநாள் விடாம. இவருகூட தப்புன்னு திட்டுனாரு. பாருங்க அண்ணே, அவங்களும் அதையேதான் குடுக்கச் சொல்றாங்க!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்தப் புட்டி, எத்தனை சொட்டு, எதில் கலந்து, எந்தத் தேதியிலிருந்து. ரயீசா சொல்லச் சொல்ல அவள் குரல் சிறுத்துக்கொண்டே வந்தது. கேட்கிறவள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"பத்து நாளு குடுத்தா சுரப்பி இறுகும்" என்றாள் டாக்டர். "அப்பவே வெட்டிடுவோம். வெட்டாம ஆறு மாசம் குடுத்தா அது தீனி. நோய உண்டாக்குனது நீங்க இல்ல. அது முன்னாடியே வந்துடுச்சு. அத வளத்தது நீங்கதான்." அனாதோலின் கையிலிருந்து தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தாள். "இன்னைக்கே சொட்ட நிறுத்துங்க. மாத்திரை நடக்கட்டும், இதயத்துக்குக் கூட ஒண்ணு தர்றேன். உள்ள தேங்குன அயோடின் வெளிய போக வாரக்கணக்காகும். மே மாசம் வரைக்கும் பாக்குறேன். அடங்குனா கத்தி வேண்டாம். அடங்கலன்னா அப்ப வேணும். இப்பத்திக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்."

பிறகு இன்னொரு கோப்பைத் திறந்து, நீளமான ஒரு பட்டியலில் ஒரு வரியின்மேல் பேனாவால் கோடு இழுத்தாள்.

"அது என்ன?" என்றாள் எவெலினா.

"பதினேழு. மருந்து எதுவும் போகாத பிள்ளைங்க ரத்தம்தான் எனக்கு வேணும். உன் குழாய் எடுத்தப்பவே உள்ள சொட்டு இருந்துருக்கு."

"அப்ப என் ரத்தம் வீணா?"

"உனக்கு வீணில்ல. என் கணக்குக்கு ஆகாது."

நடைபாதைக்கு வந்தோம். அனாதோல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். கண்ணாடிக்கு வெளியே ஒருவன் பனி வாரிக்கொண்டிருந்தான். அனாதோல் திரும்பாமலே, மெதுவாகத்தான் சொன்னான்.

"மருந்த நான் கொட்டுனப்ப நீ வாசல்ல நின்ன."

"நின்னேன்."

"பால ஊத்துனப்ப?"

"ஜன்னல்லேர்ந்து பாத்தேன்."

"சரி" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "உனக்கும் தெரியும்." நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் ரயீசா லூபாவின் முன்னால் போய் நின்றாள். சுவரோடு போட்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம், பஞ்சாயத்து வாசல் வரிசையையும் உருளைக்கிழங்கு வயலையும் அம்மாவிடம் சொன்ன பொய்யையும் சொன்னாள். எனக்குச் சொன்னதைவிடக் குறைந்த வார்த்தைகளில், நடுவில் இரண்டு முறை நின்று. "உன் குரல நான்தான் எடுத்தேன் லூபா. அதான் இவளுக்கு விடாம குடுத்தேன்."

லூபா அவளை அண்ணாந்து பார்த்தாள்.

"நான் குடிச்சேனே" என்றாள்.

"என்ன?"

"மறுநாளு பாலர் பள்ளியில டீச்சர் வாளியோட வந்தா. ஒரே கரண்டி, முப்பது பிள்ளைங்க. நான் குடிச்சு, அவ செருப்பு மேலயே வாந்தி எடுத்தேன். மறுபடி ஊத்துனா. ரெண்டு தடவ குடிச்சவ இந்த ஊர்லயே நான் ஒருத்திதான். வீட்டுக்கு வந்து உங்கிட்டதானே சொன்னேன்? நீ உதட்டுக்குச் சாயம் பூசிட்டிருந்த. தொந்தரவு பண்ணாத போன்ன."

ரயீசா அவள் தழும்பைப் பார்த்தாள்.

"குடிச்சும் எனக்கு வந்துச்சுடி" என்றாள் லூபா. "சும்மா வந்துச்சு. யாரும் எதுவும் பண்ணல."

அதைக் கேட்டு ரயீசாவுக்கு ஆறுதல் வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவள் சுவரில் கைவைத்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது வருஷமாகச் சுமந்த குற்றம் அவளுடையதே இல்லை. இந்த ஆறு மாதத்துக் குற்றம் மட்டும் முழுக்க அவளுடையது. லூபா பக்கத்தில் இறங்கி உட்கார்ந்து அவள் தலைமுக்காட்டைச் சரிசெய்தாள். எவெலினா தூரத்தில் நின்று, தன் மணிக்கட்டில் விரலை வைத்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த வார்டில் அவள் கற்றுக்கொண்டது அது.

அனாதோல் அவளை வீட்டைவிட்டு அனுப்பவில்லை. மாத்திரைப் பெட்டியைத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான், அவ்வளவுதான். மூன்று வேளையும் தொழுவத்திலிருந்து வந்து, கை கழுவி, தானே எடுத்துக் கொடுக்கிறான். எவெலினாவுக்குத் தேநீர் அவன்தான் போடுகிறான். ரொட்டி அவன்தான் வெட்டுகிறான். அந்த வீட்டில் பிள்ளைக்கு ரயீசா தன் கையால் ஒன்றும் கொடுப்பதில்லை. என்னிடம் அவன் பேசுவதில்லை. நோயில்லாத மாடுகளின் பாலை மட்டும் கேனில் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவான். நான் சந்தையில் வாங்கி வைத்த அயோடின் இல்லாத காம்பு மருந்தை மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துப்போனான்.

மார்ச் பிறந்து பத்து நாள் இருக்கும். கூரையிலிருந்து பனி உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. கேன் மூடி ஒன்று மாறிப்போனதைக் கொடுக்கப் போனேன். ரயீசா அடுப்பருகே நின்று பீட்ரூட் சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தாள். வயலில் உரம் இறைக்கப் போன அனாதோல் இன்னும் வரவில்லை. மேசைமேல் எவெலினாவின் கிண்ணம் காலியாக இருந்தது. அவள் அப்பனுக்காகக் காத்திருந்தாள். முகம் கொஞ்சம் தேறியிருந்ததா, வெளிச்சம் அப்படிக் காட்டியதா, எனக்குத் தெரியாது.

"பசிக்குது" என்றாள்.

"அப்பா வந்துடுவாரு" என்றாள் ரயீசா, திரும்பாமல்.

"இப்பப் பசிக்குது."

ரயீசா என்னைப் பார்த்தாள். நான் கேன் மூடியை வாசலோரம் வைத்தேன். எவெலினா கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். கை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக. ரயீசா இரண்டு கரண்டி ஊற்றினாள். மூன்றாவதை ஊற்றாமல் கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள்.

எவெலினா கிண்ணத்தை ஜன்னல் பக்கம் திருப்பி உள்ளே பார்த்தாள். கரண்டியால் அடிவரைக்கும் ஒருமுறை கிண்டினாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். ரயீசா அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள், கண்ணை எடுக்கவில்லை.

பிறகு எவெலினா குடித்தாள்.